கீழ் போர்ஷன் சார்ஜிங் பாயிண்ட்

வாடகை வீட்டை விட்டு வெளியேற முடியாமல் ஒரு குடும்பம் மாட்டிக்கொள்ள எத்தனையோ காரணம் இருக்கும். பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கும். அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வராது என்ற பயம் இருக்கும். எங்களைக் கள்ளிக்குப்பத்தில் கட்டிப்போட்டது சுவரில் திருகி மாட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி. என் வீட்டுக்காரர் வாங்கிய கரண்ட் காருக்கு ராத்திரியில் சார்ஜ் ஏற்றும் பெட்டி அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதன்மேல் படியும் தூசியைத் துடைக்கக்கூட மாட்டேன்.

காரை நான் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பேரும் நன்றாகத்தான் போய் வந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் வேலைவிட்டு வந்தவர், செருப்பைக்கூட கழற்றாமல், "எட்டு வருஷம். எட்டே வருஷம் ஓட்டிட்டா பெட்ரோல் மிச்சத்திலேயே வண்டி நமக்கு சும்மா வந்த மாதிரி" என்றார். அன்றிலிருந்து அந்த எட்டு வருஷம் எங்களோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்தது. ஒரு நல்ல புடவை எடுக்கலாமா என்றால் எட்டு வருஷம் போகட்டும். ஃபிரிட்ஜை மாற்றலாமா என்றால் எட்டு வருஷம் போகட்டும். கல்லூரியில் படிக்கிற எங்கள் மகள், "அப்பா, என் கல்யாணமும் அதுக்கப்புறம்தானா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

பேட்டரி விஷயத்தில் அவருக்கென்று தனி மதமே உண்டு. வீட்டில் ராத்திரி முழுக்க மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ரோட்டோரத்து ஃபாஸ்ட் சார்ஜர் ஆபத்துக்கு மட்டும்தான். "தினம் அதுல போட்டா பேட்டரி சூடேறி ஆயுசு கொறஞ்சுடும். அப்புறம் விக்கப் போனா எவன் தொடுவான்?" என்பார். அந்த ஃபாஸ்ட் சார்ஜர்கள் இருக்கிற லட்சணத்துக்கு தினம் போய் நிற்கவும் முடியாது என்பது வேறு விஷயம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்கூட்டியே பணம் போட்டு வைக்க வேண்டும். பூந்தமல்லி ரோட்டில் ஒன்று, மேப்பில் பச்சையாகச் சிரிக்கும். நேரில் போனால் அந்த பிளக்குக்கு, கன் என்பார்கள் அதை, பிளாஸ்டிக் கவர் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஆவடிப் பக்கம் இன்னொன்று. அதன் முன்னால் எப்போது போனாலும் யாராவது பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆக, வீட்டில் பெட்டி இல்லாமல் அந்த வண்டியை வைத்துப் பிழைக்க முடியாது.

பெட்டி மாட்ட ஹவுஸ் ஓனர் அம்மா சம்மதித்தார். மாடியில் அவரும் அவர் மகளும் இருந்தார்கள். கணவர் தவறி ரொம்ப நாள் ஆகிறது. "போட்டுக்கோ நைனா, ஆனா மீட்டர் என் பேர்லதான் இருக்கணும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். ஆஹா, எவ்வளவு நல்ல மனசு என்று நானும் நினைத்தேன். முதல் வாரமே விஷயம் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் படியில் நின்றுகொண்டு, "இன்னாம்மா, நம்ம வண்டி சும்மாதானே கீது? திருவேற்காடு ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்" என்றார். அடுத்து அவர் அண்ணன் வீட்டுக் காதுகுத்து. அடுத்து கண் ஆஸ்பத்திரி. ஒருமுறை கோயம்பேட்டிலிருந்து வாழைத்தார்கூட எங்கள் பின்சீட்டில்தான் வந்தது. கரண்ட் பில்லை நாங்கள்தான் கட்டுகிறோம். ஆனாலும் வாசலில் யாராவது விசாரித்தால், "வண்டி அவுங்களுது, கரண்ட்டு நம்மளுது" என்பார்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். என் அப்பா விஷயத்தில்தான் எனக்கு மூச்சு முட்டியது.

அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸில். ஓய்வு பெற்றதும் அதை ஒப்படைத்துவிட்டு நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அம்மா போனபிறகு அதிலும் ஒரே ஒரு அறையை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். முழங்கால் தகராறு, ஒரு கண்ணில் பார்வை மங்கல். போன மழைக்காலத்தில் பாத்ரூமில் ஒரு தடவை விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு லேபில் போன் அடித்தாலே கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். யாருடைய ரத்தத்தையோ எடுத்துக்கொண்டிருப்பேன், மனசு நெமிலிச்சேரியில் இருக்கும்.

அப்பாவை எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"ஊடு உடறப்போ இன்னா சொன்னேன்? மூணு தலை. மூணு தலைக்குதான் தண்ணி. நாலாவது தலைக்கு நான் எங்க போறது?" என்றார் ஓனரம்மா.

"வயசானவரும்மா. ரெண்டு பக்கெட் தண்ணிகூட ஆகாது."

"வயசானவங்கதான்மா பாத்ரூமே கதின்னு கீறாங்க" என்று சொல்லிவிட்டு டீவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரிதான் போ என்று வேறு வீடு தேடினோம். திருமுல்லைவாயல், ஆவடி, காட்டுப்பாக்கம் வரைக்கும் போனோம். போகிற இடத்திலெல்லாம் ஒரே கதை. அப்பா இருப்பார் என்றால், "அதுக்கென்னங்க, பெரியவங்க வீட்ல இருந்தா நல்லதுதானே" என்பார்கள். சார்ஜிங் பெட்டி மாட்டணும் என்றதும் முகம் மாறிவிடும். வண்டி தீப்பிடிக்கிறதாமே, டீவியில் காட்டினார்களே, மேல் வீட்டில் குழந்தை இருக்கிறதே. காட்டுப்பாக்கத்தில் ஒரு வீடு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பாத்ரூமில் வழுக்காத தரை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இருந்தது. அந்த ஓனர், "பெட்டியைத் தவிர என்ன வேணா மாட்டிக்குங்க" என்றார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"இந்தச் சனியனை வித்துத் தொலைங்க" என்றேன். அவரும் கேட்டுப் பார்க்காமல் இல்லை. பழைய கார் வாங்கி விற்கிற கடைக்காரர் வண்டியைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்துவிட்டு, "பெட்ரோல் வண்டின்னா இப்பவே எடுத்துக்குவேன் மச்சான். இதுல பேட்டரி உள்ள எப்டி கீதுன்னு எனக்கே தெரியாது, நான் எவன் கிட்ட போய் இன்னான்னு சொல்லி விக்கறது?" என்றாராம். அவர் சொன்ன விலைக்கு விற்றால் வண்டி போய்விடும், அதை வாங்கிய கடன் மட்டும் எங்களோடு இருக்கும். வீட்டுப் பெட்டி இல்லாமல் ஃபாஸ்ட் சார்ஜரை நம்பி ஓட்டலாமே என்றால் பேட்டரி மதம் குறுக்கே நிற்கும். பெட்டியால் வீட்டை விட முடியாது. வீட்டால் அப்பாவைக் கூட்டிவர முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வெள்ளைப் பெட்டியில்தான் போய் முட்டிக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஓனரம்மாவின் மகளுக்கு ஆற்காட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது. அடுத்து பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரி காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. ஓனரம்மா, அவர் அண்ணன், அண்ணி. மூன்றாகிவிட்டதே! ஐந்தாக்க நானும் என் வீட்டுக்காரரும் வேண்டியிருந்தது. வண்டியும் வேண்டியிருந்தது. ஓனரம்மா தானே இறங்கி எங்கள் போர்ஷனுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த சம்மந்தம் மட்டும் நல்லபடியா முடியட்டும்மா. உங்கப்பாவ நீ தாராளமா கூட்டினு வா. அம்மன் மேல சத்தியம்" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவுக்கு உடனே போன் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை ஆற்காடு போறோம்ப்பா. அது மட்டும் நல்லபடியா முடிஞ்சா நீங்க நம்ம வீட்டுக்கே வந்துடலாம்."

"முடியும் பாப்பா. நல்லபடியா முடியும். நீ ஒண்ணும் கவலைப்படாம போயிட்டு வா" என்றார் அப்பா.

வியாழக்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் படாரென்று வெடித்து, விடியும்வரை கரண்ட் இல்லை. அன்று பகலில்தான் ஓனரம்மா, காரியம் கைகூட வேண்டும் என்று பெரியபாளையம் வரை எங்கள் வண்டியில் போய் வேண்டிக்கொண்டு வந்திருந்தார். காலையில் பார்த்தால் பேட்டரியில் பாதிகூட இல்லை. என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போய்விட்டது. "ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு ஓட்டல்ல ஃபாஸ்ட் சார்ஜர் காட்டுது. ரெண்டு கன். போட்டுக்கலாம்" என்றார். நல்ல நேரம் பார்த்து, பழத்தட்டு, பூ, இனிப்பு எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

அந்த ஓட்டலில் இருந்த இரண்டு கன்னில் ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றில் வேறொரு காருக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதில் வந்திருந்தது பூந்தமல்லியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாயும் அவர் மனைவியும். மேல்விஷாரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறார்களாம். "இப்பத்தாங்க போட்டேன், கொஞ்ச நேரம் ஆவும்" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நாங்கள் இட்லி சாப்பிட்டோம், காபி குடித்தோம். ஓனரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று எழுந்தார்.

"ஐயையோ, பத்தரைக்கு ராகு காலம் பொறக்குதே! நல்ல காரியத்துக்குப் போற வண்டிக்கு ராகு காலத்துலயா கரண்ட் ஏத்துவே?"

என் வீட்டுக்காரர், "பாய் வண்டி முடியணுமேம்மா" என்று இழுத்தார்.

ஓனரம்மாவின் அண்ணன்தான் அந்த யோசனையைச் சொன்னார். ராகு காலத்தில் பயணம் போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம் இல்லையா? கிளம்பியாயிற்று என்று கணக்காகிவிடும். "அதே மாதிரிதான் மாப்ளே. பத்தரைக்குள்ள ஒரு தபா சொருவி ஆரம்பிச்சுடு. ஆரம்பிச்சுட்டா தோஷம் இல்ல. உடனே எடுத்து பாய் கையில குட்த்துடு. அவர் முடிச்சப்புறம் நீ மிச்சத்தப் போட்டுக்கோ."

இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பேட்டரியைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிற மனுஷன், அந்த அம்மாவுக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. நான் திறப்பேனா? அப்பா எங்கள் வீட்டுக்கு வருவது அன்றைய காரியத்தில் இருந்தது. ராகு காலம் என்ன, அந்த கன்னுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கச் சொல்லியிருந்தாலும் வைத்திருப்பேன். பாயிடம் போய் நானே கேட்டேன். அவர் மனைவி சிரித்தார். பாய், "ஒரு நிமிசந்தானேம்மா, நல்ல காரியம்னு சொல்றீங்க, போட்டுக்குங்க" என்று தன் வண்டியின் சார்ஜை நிறுத்தி, கன்னைக் கழற்றி எங்களிடம் நீட்டினார்.

பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வண்டியில் அது 'டொக்'கென்று பூட்டிக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. ஓனரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆச்சு, இப்ப எடு" என்றார். என் வீட்டுக்காரர் ஆப்பில் நிறுத்து என்று அமுக்கினார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மெஷினில் சிவப்பு விளக்கு வந்தது. பிறகு திரையே இருண்டுவிட்டது. கன் வரவில்லை.

சாவியை அமுக்கிப் பூட்டினார், திறந்தார். இழுத்தார். அண்ணன் இழுத்தார். பாய் இழுத்தார். ஓட்டல் செக்யூரிட்டி ஓடிவந்து, "அண்ணாத்தே, ஒடச்சுடாதீங்க, போன வாரந்தான் ஒருத்தர் ஒடச்சு பெரிய பஞ்சாயத்தாயிடுச்சு" என்றார். உதவி நம்பரில் ரொம்ப நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் லைனில் வந்து, பானெட்டுக்கு உள்ளே அவசரக் கயிறு ஒன்று இருக்கும், அதை மெதுவாக இழுத்தால் பூட்டு விட்டுவிடும் என்றாள். மெதுவாகத்தான் இழுத்தார். கயிறு மட்டும் கையோடு வந்துவிட்டது. டெக்னீஷியனை அனுப்புகிறோம், காத்திருங்கள் என்று அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

ஆற்காட்டிலிருந்து போன் மேல் போன். எங்க வந்துகினு கீறீங்க என்று அவர்கள் கேட்க, ஓனரம்மா இதோ, இதோ என்று சமாளித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "உன் வண்டிய நம்பி வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!" அத்தனை நாள் நம்ம வண்டியாக இருந்தது, அந்த நிமிஷத்தில் என் வண்டியாகிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. காரியம் கெட்டால் அப்பாவுக்கு இடம் இல்லை. அந்தக் கறுப்புக் கேபிளைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே எல்லா சாமியையும் கூப்பிட்டேன்.

வழி காட்டியவர் பாய்தான். "எனக்குப் போற அளவுக்கு ஏறிடுச்சும்மா. ஆற்காடு வழியிலதானே இருக்கு. உங்கள இறக்கி விட்டுடறேன்" என்றார். ஓனரம்மா சந்தோஷப்பட்டு, உடனே முகம் வாடினார். அவர், அண்ணன், அண்ணி. மறுபடி மூன்று! பாயையும் அவர் மனைவியையும் ஒரு பார்வை பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் உள்ள வந்து ஒரு வாய் காபி குட்ச்சுட்டுதான் போவணும். அப்பதான் அஞ்சு பேராவும்." பாயின் மனைவி, "அதுக்கென்னம்மா, வர்றோம். நாங்களும் மாப்பிள்ளையைப் பாத்தமாதிரி இருக்கும்" என்று பழத்தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது ராகு காலம் நடக்கிறதே என்று நான் கேட்கவில்லை. ஓனரம்மாவே சொன்னார்: "ஊட்டுலருந்து நல்ல நேரத்துலதானே கெளம்புனோம், அது போதும்."

அவர்கள் போய்விட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அந்தக் காரும் மிச்சம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் உட்கார முடியவில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. பட்டுப் புடவையில் வியர்த்து ஊற்றியது. ஹைவேயில் ஒவ்வொரு பஸ்ஸும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சார்ஜ் போட வந்தவர்கள் ஒவ்வொருவராக நாங்கள் அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து முறைத்துவிட்டுத் திரும்பினார்கள். அவர், "இந்த மாதிரி இழுத்ததுல பின்னு வளைஞ்சிருந்தா வாரண்டியில வராதே" என்று முனகிக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் என் போன் அடித்தது. அப்பாவின் பக்கத்து வீட்டுப் பெண்.

"அக்கா, அப்பா வழுக்கி வுழுந்துட்டாரு. எழுந்துக்க முடியல. கொஞ்சம் வந்துடுக்கா."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் பதறித்தான் போனார். "டெக்னீஷியன் இப்ப வந்துடுவாரு. கார்லயே போயிடலாம். பஸ்ஸுக்கு நிக்கறதவிட சீக்கிரம்" என்றார். அந்த ஆளுக்குப் போன் போட்டார். அவர் இன்னும் வேறு ஏதோ ஊரில் வேறு ஏதோ மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். வந்துவிடுவேன் சார், வந்துவிடுவேன் சார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

"வண்டிய இப்படி விட்டுட்டு நான் எப்படி வர்றது?" என்றார்.

"நீங்க இருங்க. அது உங்க வண்டியிலதான் மாட்டியிருக்கு. என் கால்ல இல்ல" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன்.

பூந்தமல்லி வரை ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அங்கிருந்து ஆவடிக்கு இன்னொன்று. ஆவடியிலிருந்து லோக்கல் ரயில். பட்டும் பூவுமாக ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். ரயில் பட்டாபிராம் தாண்டும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ரயில் தினமும் ஓடுகிறது. கார், பெட்டி, தண்ணீர், தலை என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நான்தான் கள்ளிக்குப்பத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே நன்றாக வீங்கியிருந்தது. தொட்டால் முகத்தைச் சுளித்தார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால் இப்போதுதான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அறைக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. ஓனரம்மா. ஒரு கை அப்பாவின் தலைக்குக் கீழே இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மாடி! முடிஞ்சுதும்மா! தட்டு மாத்திக்கலாம்னு சொல்ட்டாங்க. பாய் ஊட்டம்மாவ அவுங்களுக்கு அவ்ளோ புடிச்சுப் போச்சு. நான் சொன்னா சொன்னதுதான், நாளைக்கே நீ உங்கப்பாவ கூட்டினு வந்துடு."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த வலியிலும் மலர்ந்தது. போனில் கேட்கக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "முடிஞ்சுதா? அப்பாடா! நான் பயந்துகிட்டே கெடந்தேன் பாப்பா. காலையில விழுந்தப்பவே உனக்குச் சொல்லியிருந்தா நீ பாதி வழியில திரும்பியிருப்ப. அந்தம்மா காரியம் கெட்டுப்போயிருக்கும்" என்றார்.

"காலையிலயா?" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "காலைல தண்ணி புடிக்கவே வர்லியேன்னு கதவத் தட்னேன்க்கா. உள்ளருந்து கொரல் குட்த்தாரு. கால் கொஞ்சம் வலிக்குது, படுத்திருக்கேன், பொண்ணுக்கு மட்டும் போன் பண்ணாத, இன்னிக்கு அவளுக்கு முக்கியமான நாளுன்னாரு. மத்தியானம் சாப்பாடு குடுக்க வந்தா, கதவத் தொறக்கவே முடியல அவரால. அப்பதான் எங்கூட்டுக்காரர் தாப்பாள ஒடச்சாரு. தரையிலதான்க்கா கெடந்தாரு."

அப்பாவின் போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கையை நீட்டக்கூட வேண்டியதில்லை, நெஞ்சின்மேலேயே இருந்தது. "ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க! எவ ஊட்டு மூணு அடி இடத்துக்காகப்பா இப்படித் தரையில கெடந்தீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். தான் ஏதோ நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"அலோ, அலோ, இன்னாம்மா சத்தம் அங்க?" என்று போன் கேட்டுக்கொண்டிருந்தது. "நாளைக்குக் கூட்டினு வர்ற இல்ல?"

"இல்லைங்கம்மா. அவர் வரல. நான்தான் இங்க வந்துட்டேன்" என்றேன்.

"அப்ப வண்டி?"

"தெரியலைங்கம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். ஆம்புலன்ஸ் சந்துக்குள் வர முடியாமல் முனையில் நின்றது. ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.